ஓடையின் ஒன்பது வாசகர்கள்

சங்கரபாகத்துக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில், அவருடைய மகள் சுபாஷினி பிலோமினாவின் மருந்துக்கடைக்கு வந்தாள். கடை திறந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. முதல்நாள் வந்திறங்கிய அட்டைப்பெட்டிகளைப் பிலோமினா காலால் ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"வா சுபா. காரியத்துக்கு வர முடியல, தப்பா எடுத்துக்காத. கடையில ஆளில்ல."

 சுபாஷினி ஒரு கைப்பேசியைக் கவுண்டர் கண்ணாடிமேல் வைத்தாள். சங்கரபாகத்தின் கைப்பேசி அது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர், முனை நசுங்கிய பழைய கருவியை மாற்றாமலே வைத்திருந்தார்.

"இத நீங்கதான எழுதுனிய?"

பிலோமினா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். அவளுடைய வலைப்பூதான். 'மாத்திரைப் பக்கம்' என்ற தலைப்பு, பக்கத்தில் அவள் படம். மூட்டுவலிக்குப் புதிதாக வந்த நெபாக்ஸ் மாத்திரையைப் பற்றி இரண்டு மாதத்துக்கு முன் எழுதிய பதிவு.

"நான்தான்."

"அப்பா இதத்தான் படிச்சாவ. மதுரையில மூட்டு டாக்டர் எழுதிக் குடுத்த மாத்திரைய வாங்கிட்டு வந்து ரெண்டு நாளு தொடல. கிட்னி ஏற்கெனவே சரியில்லல்லா, பயம். பெறவு இதப் படிச்சிட்டு, 'பிலோமினாவே சொல்லிட்டா, பயப்பட ஒண்ணுமில்ல'ன்னு போட ஆரம்பிச்சாவ. ஒம்பது நாள். பத்தாவது நாள் ஆஸ்பத்திரியில சேத்தோம்."

"சுபா, நான் போடவே கூடாதுன்னுல்லா எழுதியிருந்தேன்!"

"படிங்க."

பிலோமினா படித்தாள். முதல் பத்தி அவள் எழுதியது. இரண்டாவதும் அவளுடையதே. மூன்றாவது பத்தியில் அவள் எழுதியிருந்தது அவளுக்கு மனப்பாடம்: 'சிறுநீரகம் பழுதானவர்கள் இதை ஒரு வேளைகூடப் போடாதீர்கள். டாக்டர் எழுதிக்கொடுத்திருந்தாலும் போடாதீர்கள். போட்டால் செத்துப்போவீர்கள்.' அந்த இடத்தில் இப்போது இப்படி இருந்தது: 'சிறுநீரகம் சற்றே பலவீனமாக இருப்பவர்கள் பதற வேண்டாம். தண்ணீரை நன்றாகக் குடியுங்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், அது போதும்.'

'அது போதும்' என்று முடிப்பது அவள் வழக்கம். இருபத்தெட்டு வருடமாக எழுதுகிறாள். வாசகர்கள் அதைச் சொல்லிக் கேலி செய்வார்கள். எழுதியது யாராக இருந்தாலும் அவளை நன்றாகப் படித்தவர்தான் எழுதியிருக்க வேண்டும்.

தன் கைப்பேசியை எடுத்து அதே பதிவைத் திறந்தாள். அதில் அவள் எழுதியது எழுதியபடியே இருந்தது.

"பாரு. இதுதான் நான் எழுதுனது."

சுபாஷினி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தன்னுடைய கைப்பேசியில் தேடி எடுத்தாள். அதில் மூன்றாவதாக ஒரு வடிவம்: நாலு வரியும், முழங்காலுக்கான உடற்பயிற்சிப் படங்களும். சிறுநீரகம் என்ற சொல்லே இல்லை.

"ஆள் செத்த பெறவு மாத்திட்டியளா?" என்றாள் சுபாஷினி. அவள் குரல் உயரவில்லை. "எங்கப்பா உங்கள எவ்வளவு நம்புனாவ தெரியுமா? எங்கம்மா சொல்லிக் கேக்க மாட்டாவ. நீங்க எழுதுனா கேப்பாவ."

அன்று மாலையே அவள் புகார் கொடுத்தாள். மருந்தாளுநர் உரிமத்தை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று கேட்டு ஒரு வாரத்தில் பிலோமினாவுக்கு நோட்டீஸ் வந்தது.

எல்லோரையும்போல அவளும் 'இழை' வழியாகத்தான் எழுதினாள், படித்தாள். செய்தி, கடிதம், வலைப்பூ, அரசாங்க அறிவிப்பு எல்லாம் அந்த ஒரு செயலியில் வந்தன. 2038-இல் அதற்கு வெளியே படிப்பவர்கள் என்று சொல்லிக்கொள்ளும்படி யாரும் இல்லை. விசாரணைக் குழு விளக்கம் கேட்டபோது இழை நிறுவனத்தின் வழக்கறிஞர் ஒன்றரைப் பக்கப் பதில் அனுப்பினார். ஒவ்வொரு வாசகருக்கும் இணக்கமான வடிவத்தில் பதிவைத் தருவது தங்கள் சேவை, அதற்கு ஆசிரியர் ஒப்புதல் அளித்திருக்கிறார் என்றது அந்தப் பதில். 'மூலப் பதிவு என்று தனியாக ஒன்று எங்களிடம் இல்லை. எல்லாமே வடிவங்கள். ஆசிரியர் தம் கைப்பேசியில் காண்பதும் அவருக்கு இணக்கமான ஒரு வடிவமே.'

அந்தக் கடைசி வாக்கியத்தைப் பிலோமினா பலமுறை படித்தாள். தான் எழுதியது என்று தான் நம்பிக்கொண்டிருப்பதுகூடத் தன்னைத் திருப்திப்படுத்தத் தயாரிக்கப்பட்டதாக இருக்குமோ என்ற சந்தேகம் வந்தது. அப்போதுதான் மக்தூம் காக்காவின் நினைவு வந்தது.

ஊர் வழக்கப்படி அண்ணன் முறைக்குக் 'காக்கா' என்று அவள் கூப்பிடும் காயல்பட்டினத்துச் செய்யிது மக்தூம் அந்தக் காலத்தில் வலைப்பூக்களுக்கு ஒரு திரட்டி நடத்தியவர். இரண்டாயிரம் பேரின் பதிவுகள் வந்த வேகத்தில் அவர் பக்கத்தில் வரிசையாக விழும். பதிவர்கள் ஒவ்வொருவராக இழைக்குப் போனபின்னும் திரட்டியை அவர் மூடவில்லை. பிலோமினாவின் பதிவுகளை மட்டும் தன் செர்வரிலிருந்து ஓடையாக, யார் வேண்டுமானாலும் இழை இல்லாமல் நேரடியாகப் படிக்கும்படி, விட்டுக்கொண்டிருந்தார். அவள் எழுதி அனுப்பும் பொத்தானை அழுத்தினால் அந்த எழுத்து முதலில் அவர் செர்வருக்குப் போகும், அங்கிருந்துதான் இழைக்கு. பதினைந்து வருடத்துக்கு முன் செய்த ஏற்பாடு. அவளே மறந்துபோயிருந்தாள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். அவர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தார்.

"நெபாக்ஸ் பதிவுதானே? இந்தா, கெடக்கு பாரு."

வெறும் எழுத்து. படமில்லை, வண்ணமில்லை. 'ஒரு வேளைகூடப் போடாதீர்கள்' என்று இருந்தது. பிலோமினா நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை.

"இதை மட்டும் அவங்களால ஏன் காக்கா மாத்த முடியல?"

"இழை என்ன செய்யிது? படிக்கிற ஆளப் பாக்குது. இவனுக்கு என்ன பிடிக்கும், எந்த வார்த்தையக் கண்டா மூடிட்டுப் போவான், எல்லாம் அதுக்குத் தெரியும். அதுக்குத் தோதா உன் எழுத்தத் திருத்தி ஊட்டுது. ஓடைங்கிறது ஒரு சாதாக் கோப்பு, தங்கச்சி. யார் வந்து கேட்டாலும் அந்தக் கோப்பத்தான் குடுக்கும். கேக்குறது யாருன்னே அதுக்குத் தெரியாது. ஆளு தெரிஞ்சாத்தானே ஆளுக்கொரு பொய் சொல்ல முடியும்?"

"அப்ப இதக் கொண்டுபோய்க் காட்டினாப் போதும்."

மக்தூம் தலையை ஆட்டினார். "போதாது. செர்வர் என்னுது. நான் உன் சிநேகிதன். நேத்து ராத்திரி மாத்தி வெச்சோம்னு அந்த வக்கீல் சொல்லுவான். நம்ம ரெண்டு பேரு கையும் படாத இடத்துல, அன்னிக்குத் தேதியில, இது இருக்கணும். ஓடையில படிச்ச வாசகன் ஒருத்தன் வேணும்."

"எத்தன பேர் படிக்கிறாவ?"

"ஒம்பது."

"ஒன்பதாயிரமா?"

"ஒம்பது பேரு."

அவர் பட்டியலைக் காட்டினார். ஒன்பதில் எட்டு மனிதர்களே இல்லை. தானாக வந்து அள்ளிப்போகும் இயந்திரங்கள். "இதுல ரெண்டு இழையோடது. உன் எழுத்தத் திருத்துறதுக்கே ஒரிஜினல் வேணும்ல? அத இங்கேருந்துதான் எடுத்துட்டுப் போவுது. 'மூலப் பதிவு எங்களிடம் இல்லை'யாம்! வெக்கங்கெட்டவனுவோ."

ஒன்பதாவது, தினமும் காலை ஏழு மணிக்குச் சென்னையிலிருந்து வரும் ஒரு முகவரி. ஆள் யாரென்று மக்தூமின் பழைய மின்னஞ்சல்களில் கிடைத்தது. ஏழு வருடத்துக்கு முன் ஒருவர் எழுதியிருந்தார்: 'ஓடையில் பதிவின் முதல் பத்தி மட்டும் வருகிறது. சுருக்கம் வேண்டாம், முழுப் பதிவையும் விடுங்கள். நான் இங்கே மட்டும்தான் படிக்கிறேன்.' கீழே பெயர், ஹரிஹரசுதன். தொலைபேசி எண்ணும் இருந்தது.

பிலோமினா பேசியதும் அவனுக்கு அவளைத் தெரிந்துவிட்டது. "மேடம், நீங்களா! நான் உங்க ஃபேன் மேடம்" என்றான். அவள் விஷயத்தைச் சொல்லி முடித்தாள். பிறகு, "சனிக்கிழமை வீட்டுக்கு வாங்க" என்றான்.

பெரும்பாக்கத்தில் பதினோராவது மாடி. கதவைத் திறந்தது அவன் மாமியார் சிவகாமி. இடது முழங்கையில் டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்திப் புடைத்த நரம்பு. மருந்துக்கடைக்காரியின் கண் முதலில் அங்கேதான் போனது.

"பிலோமினாம்மாவா? படத்துல இருக்கிறதவிட ஒல்லியா இருக்கீங்க. உள்ள வாங்க" என்று சமையலறைக்கே கூட்டிப்போய் நாற்காலி போட்டார்.

அங்கே, குளிர்சாதனப்பெட்டியின் கதவில், பிலோமினா தன் எழுத்தைப் பார்த்தாள். நெபாக்ஸ் பதிவு, முழுவதுமாகத் தாளில் அச்செடுத்து நாலு மூலையிலும் டேப் போட்டு ஒட்டப்பட்டிருந்தது. 'போட்டால் செத்துப்போவீர்கள்' என்ற வரிக்கு அடியில் சிவப்புக் கோடு. தாளின் மேல் ஓரத்தில் அச்செடுத்த தேதி, பதிவு வெளியான மறுநாள்.

"எனக்கும் அந்த மாத்திரையத்தான் எழுதிக் குடுத்திருந்தாங்க. மாப்பிள்ளை காலையில படிச்சிட்டு ஓடி வந்து என் கையிலேருந்து பிடுங்கிட்டாரு. மறந்து திரும்ப வாங்கிடுவேன்னு இத ஒட்டி வெச்சாரு. நீங்க அப்படி முகத்துல அடிக்கிற மாதிரி எழுதலன்னா நான் இப்ப உங்களுக்குக் காப்பி போட்டுக் குடுக்க மாட்டேன்."

பிலோமினாவுக்குச் சங்கரபாகத்தின் முகம் நினைவுக்கு வந்தது. ஒரே பதிவு. ஒரே வியாதி.

சுதன் உள்ளே வந்து எதிரில் உட்கார்ந்தான். நாற்பத்தைந்து வயதிருக்கும். அவள் கேட்கவேண்டியதைக் கேட்டாள்: இந்தத் தாளும் அவன் சேமித்துவைத்த பிரதியும் வேண்டும், குழுவின் முன்னால் வந்து சொல்லவும் வேண்டும்.

"வர முடியாது மேடம். நான் இழையிலதான் வேலை செய்றேன்."

பிலோமினாவுக்கு முதலில் புரியவில்லை.

"இணக்கம் பண்ற பிரிவுலதான். ஆரம்பத்துலேருந்தே இருக்கேன்."

"நீங்கதான் என் பதிவ மாத்துனியளா?"

"பொய் எழுதச் சொல்லி நாங்க எங்கயும் சொல்லல மேடம். படிக்கிறவர் பக்கத்தை மூடாம இருக்கணும், அவ்வளவுதான் சொன்னோம். சாவுன்னு பார்த்தா நிறைய பேர் மூடிடுறாங்க. அந்த இயந்திரம் ஒவ்வொரு ஆளையும் பார்த்துப் பார்த்துத் தானா கத்துக்கிச்சு."

"சங்கரபாகம் மூடியிருந்தாக்கூட உயிரோட இருந்திருப்பாவ. பயந்துபோய் மாத்திரையத் தொடாமத்தான இருந்தாவ."

சுதன் மேசை விரிப்பின் நூலை இழுத்துக்கொண்டிருந்தான்.

"நீங்க மட்டும் எதுக்கு ஓடையில படிக்கிறிய?"

"எங்க டீம்ல யார் வீட்லயும் இழையில படிக்க மாட்டாங்க மேடம்" என்றான். சொன்ன பிறகுதான் அது காதில் விழுந்ததுபோல் முகம் சிவந்தது. "குழந்தைங்க இருக்காங்க. வீட்டு லோன் இருக்கு. என்னால முடியாது. தயவுசெஞ்சு புரிஞ்சுக்கோங்க."

பிலோமினா எழுந்தாள். காப்பியை அவள் தொடவில்லை. செருப்பு மாட்டும்போது பின்னால் டேப் கிழியும் சத்தம் கேட்டது. சிவகாமி தாளை நாலு மூலையிலும் நிதானமாக நகத்தால் பெயர்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, என்ன பண்றீங்க?"

"இது எனக்கு ஒட்டி வெச்சதுதானே. என்னிக்கு வரணும்னு சொல்லுங்கம்மா. செவ்வாய், வெள்ளி மட்டும் டயாலிசிஸ். மத்த நாள் எதுன்னாலும் வர்றேன்."

"அத்தை, எனக்கு வேலை போயிடும்."

"போகட்டும்" என்றார் சிவகாமி. "அந்தப் பொண்ணுக்கு அப்பா போயிட்டாரே."

விசாரணைக்கு அவர் வந்தார். தாளை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு மடியில் வைத்திருந்தார். குழுத் தலைவி அதை வாங்கி வாய்விட்டுப் படித்தபோது சுபாஷினி பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது பத்தி வந்ததும் எழுந்து வெளியே போய்விட்டாள். திரும்பி வந்து பிலோமினாவின் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைப் பார்க்காமல், "என்னய மன்னிச்சிருங்கக்கா" என்றாள்.

பிலோமினாவின் உரிமம் தப்பியது. சுதனுக்கு வேலை போனது. மாமியாரிடம் ஆறு மாதம் அவன் பேசவில்லை என்று பின்னால் தெரியவந்தது. இழை நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. 'மூல வடிவம்' என்ற ஒரு பொத்தானை அமைப்புகளுக்குள் ஐந்தாவது பக்கத்தில் வைத்தது. அதைத் தேடிப்போய் அழுத்தியவர்கள் மிகச் சிலர்.

ஆனால் நடந்ததையெல்லாம் பிலோமினா எழுதியபோது ஊர் திரும்பிப் பார்த்தது. அந்தப் பதிவின் முடிவில் ஓடையின் முகவரியைக் கொடுத்திருந்தாள். ஒரே வாரத்தில் முப்பத்தோராயிரம் பேர் சேர்ந்தார்கள். மக்தூம் காக்கா இரண்டு செர்வர் கூடுதலாகப் போட்டுவிட்டுத் தொலைபேசியில் அழுதார். "இருபது வருசமா கத்துனேன், தங்கச்சி. எழுதுறவனுக்கும் படிக்கிறவனுக்கும் நடுவுல ஒருத்தனும் வேணாம்னு. இப்பத்தான் காதுல விழுந்திருக்கு." முதலில் சேர்ந்த பத்துப் பேரில் சுபாஷினியும் இருந்தாள்.

பிலோமினா எப்போதும் எழுதுவதுபோலவே எழுதினாள். சர்க்கரை நோயாளிகள் காலில் புண்ணை அலட்சியம் செய்தால் காலை எடுக்க வேண்டி வரும் என்று எழுதினாள். ஆயிரம் பேர் விலகினார்கள். தூக்க மாத்திரையைப் பற்றி எழுதினாள். மூவாயிரம் பேர் போனார்கள். பின்னூட்டங்களில் கோபமில்லை, வருத்தம்தான் இருந்தது. 'உண்மைதான் மேடம், ஆனால் காலையில் படித்தால் நாளே கெட்டுப்போகிறது.' 'கொஞ்சம் பக்குவமாகச் சொல்லலாமே.' 'எங்கள் வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள், பயப்படுகிறார்கள்.' பதினைந்து வருடமாக இழையுடன் பழகிய கண்கள். கரடுமுரடான எழுத்தில் அவற்றால் நெடுநேரம் நிற்க முடியவில்லை.

ஆடி மாதத்தில் சுபாஷினி ஒரு செய்தி அனுப்பினாள். 'அக்கா, தப்பா நினைக்காதீங்க. உங்க பதிவு வந்தாலே எனக்குப் படபடன்னு வருது. அப்பா ஞாபகம். கொஞ்ச நாளைக்கு ஓடைய நிறுத்தி வைக்கேன். இழையிலேயே பாத்துக்கிடுதேன்.'

பிலோமினா அதற்குப் பதில் எழுத மூன்று முறை முயன்றாள். அனுப்பவில்லை.

ஆவணியில் குழந்தைகளுக்கான ஓர் இருமல் மருந்தைப் பற்றி எழுத உட்கார்ந்தாள். இரண்டு வயதுக்குக் கீழ் கொடுத்தால் மூச்சுத் திணறும். நாலு இடத்தில் அப்படி நடந்திருந்தது. 'கொடுக்காதீர்கள். குழந்தை மூச்சுவிடாது' என்று தட்டினாள். திரையின் மூலையில் ஓடையின் எண்ணிக்கை தெரிந்தது: முப்பத்தோராயிரம் தேய்ந்து பதினோராயிரத்துச் சொச்சம். இதைப் போட்டால் எட்டாயிரமாகும். அடுத்ததற்கு ஐந்தாகும். அதன் பிறகு யாருக்கு எழுதுவது? வாசிக்க ஆளே இல்லாத எச்சரிக்கை யாரைக் காப்பாற்றும்? நியாயமான கேள்விகளாகத்தான் அவளுக்குத் தோன்றின. 'குழந்தை மூச்சுவிடாது' என்பதை எடுத்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு 'கொடுக்காதீர்கள்' என்பதையும் மாற்றினாள். பதிவைப் போட்டாள். கடையில் கூட்டம் வந்துவிட்டது.

இரண்டு நாளில் ஒருவர்கூட விலகவில்லை. நூற்றிருபது பேர் புதிதாகச் சேர்ந்திருந்தார்கள். 'அருமையாகச் சொன்னீர்கள் மேடம்' என்று பின்னூட்டங்கள்.

மூன்றாம் நாள் பகலில் மக்தூம் காக்கா கூப்பிட்டார். அவருக்கு மூச்சு வாங்கியது.

"தங்கச்சி, கெட்ட சேதி. ஓடைக்குள்ளயும் அவனுவோ பூந்துட்டானுவோ."

"என்ன காக்கா?"

"உன் இருமல் மருந்துப் பதிவு. என் பேரனுக்கு ஒண்ணரை வயசு, அதே மருந்துதான் வீட்ல இருக்கு. மருமவ ஓடையிலதான் படிச்சிருக்கா. 'சிறு குழந்தைகளுக்குக் கொடுக்கும்போது சற்றுக் கவனமாக இருப்பது நல்லது'ன்னு போட்டிருக்குன்னுட்டு ரெண்டு வேளை கவனமாக் குடுத்திருக்கா. நான் டப்பாவோட எச்சரிக்கைச் சீட்டப் பாத்துட்டுத் தட்டி விட்டேன். புள்ளைக்கு ஒண்ணுமில்ல, அல்லா காப்பாத்துனான். ஆனா செர்வரக் காலையிலேருந்து பிரிச்சுப் பாக்குறேன், எந்த வழியா வந்து மாத்துனான்னு பிடிபடல. நீ உன் ஒரிஜினல அனுப்பு, ஒப்பிட்டுப் பாக்குறேன்."

கவுண்டரில் ஒரு பெண் மருந்துச் சீட்டை நீட்டிக்கொண்டு நின்றாள். பிலோமினா அவளைச் சற்றுப் பொறுக்கச் சொல்லிக் கை காட்டினாள்.

"தேடாதீங்க காக்கா."

"ஏன்?"

"யாரும் மாத்தல. அத எழுதுனது நான்தான்."

மறுமுனையில் மடிக்கணினியை மூடும் சத்தம் கேட்டது. 

"அப்ப செர்வர்ல கோளாறு ஒண்ணுமில்ல" என்றார். "எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் போயிருக்கு."